கஜா அப்ப எழுதுன ஸ்கிரிப்ட் இப்ப ஓட மாட்டேங்குது

போன ஞாயித்துக்கெழம பழைய ஹார்ட் டிஸ்க்கை சுத்தம் பண்ணிட்டு இருந்தேன், அதுல ‘புயல்’னு ஒரு ஃபோல்டர் கெடந்துச்சு. உள்ள பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியில எழுதுன ஒரு ஃபைல், ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், ரெண்டு எக்செல், அவ்ளோதான். 2018 நவம்பர்ல எழுதுனது. ஓட்டித்தான் பாப்போமேன்னு புது லேப்டாப்ல பைத்தான் 3.13 வச்சு ஓட்டுனா முதல் வரியிலயே மூக்கறுத்துருச்சு, சிஜிஐ-ங்கிற பேர்ல மாட்யூலே (பைத்தானோட கூடவே ரெடியா வந்துக்கிட்டு இருந்த ஒரு கோட் துண்டு) கெடையாதாம். எனக்குக் கோவத்தை விட சிரிப்புதான் வந்துச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல, மோட்டார் ஓடாததால குடிக்கத் தண்ணிகூட இல்லங்கற நேரத்துல பத்து நாள் சளைக்காம ஓடுன ஸ்கிரிப்ட், இன்னைக்கு வீட்டுக்கு ஃபைபர் கனெக்ஷன், இன்வெர்ட்டர் எல்லாம் வந்தப்புறம் ஓட மாட்டேங்குது.

கதைய முதல்ல இருந்து சொல்லிடறேன். கஜா புயல் நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. எங்க ஊரு மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில, கடலைக் கண்ணால பாக்கணும்னா பஸ் ஏறிப் போகணும், அதனால ‘நமக்கென்ன, கொஞ்சம் காத்து அடிக்கும்’னு சொல்லிட்டுப் படுக்கப்போன ஊரு. காலைல கதவைத் தொறந்தா தென்னந்தோப்பு இருந்த எடத்துல வெறும் வானம் தெரியுது. எங்க தெருவுக்கு கரண்ட் வர இருபது நாளுக்கு மேல ஆச்சு. எங்க மாட்டுக்கொட்டகை மேல போட்டிருந்த தார்ப்பாயைக் கூட காணோம், காத்து தூக்கிட்டுப் போயிருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், அடுத்த வாரமே மழை வேற வந்து மாடு நனைஞ்சு கெடந்துச்சு.

ரெண்டாவது நாள்ல இருந்து வெளியூர் ஆளுங்க லாரி லாரியா அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி, தார்ப்பாய்னு கொண்டாந்து பள்ளிக்கூடத்துல எறக்கிட்டுப் போனாங்க. அதைப் பங்கு போடறதுதான் பெரும்பாடு. ஒரு நோட்டுல பேரை எழுதிக்கிட்டு இருந்தோம், அந்த நோட்டு நனைஞ்சது ஒரு பக்கம், ‘அவன் ரெண்டு தடவ வாங்கிட்டான், எனக்கு ஒண்ணுகூட வரல’ங்கற சண்டை ஒரு பக்கம். நான் அப்ப சென்னைல வேலை, தீபாவளிக்கு வந்தவன் லீவை நீட்டிக்கிட்டு ஊர்லயே இருந்தேன், கையில லேப்டாப் இருந்துச்சு. பந்தல்காரரு ஒருத்தரு ஜெனரேட்டர் போட்டு செல்போனுக்கு சார்ஜ் ஏத்தித் தந்துக்கிட்டு இருந்தாரு, அவருகிட்ட லேப்டாப்பையும் சொருகிட்டு, பேர் எழுதறதுக்கு ஒரு ஃபாரம் போடலாம்னு உக்காந்தேன்.

உக்காந்ததுக்கு அப்புறம்தான் உறைச்சுது, நெட்டே இல்லை. மத்தவங்க எழுதி வெளிய வச்சிருக்கற கோடை (லைப்ரரின்னு பேரு) நெட்ல இருந்து எறக்க பிப் இன்ஸ்டால்னு அடிச்சா எங்கேருந்து வரும்? ஆபீஸ்ல நாங்க ஒரு சின்ன ஃபாரம் போடறதுக்கே நாப்பது லைப்ரரி எறக்குவோம், அதுல ஒண்ணு கூட இந்த மெஷின்ல இல்ல. உபுண்டு 18.04 போட்டிருந்தேன், அதோட கூட வந்த பைத்தான் 3.6, அதுக்குள்ள என்ன இருக்கோ அதுதான். டாக்குமெண்டேஷன் கூட ஆன்லைன்லதான் இருக்கு, ஹெல்ப்னு அடிச்சு அதுல வர்றதைப் படிச்சுப் படிச்சு எழுதுனேன்.

ஆனா எழுத முடிஞ்சுது பாருங்க, அதுதான் விஷயம். டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட், அது 2006ல வந்த 2.5 வெர்ஷன்லயே பைத்தானுக்குள்ள வந்துருச்சு. வெப் சர்வருக்கு ஹெச்டிடிபி டாட் சர்வர், ஃபாரம்ல இருந்து வர்ற டேட்டாவைப் பிரிக்க இந்த சிஜிஐ, எக்செல்ல இருந்து எடுத்த லிஸ்ட்டைப் படிக்க சிஎஸ்வி. லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்கிட்டு, தெருவுக்கு ஒரு பையன்னு பத்துப் பதினோரு பேரு போன்ல 10.42.0.1:8000னு அடிச்சு உள்ள வந்து பேரை ஏத்துனாங்க. ‘பேட்டரி கூடவே வருது’ன்னு பைத்தான்காரங்க ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கற வாசகம் எனக்கு அன்னைக்குத்தான் நெசமாவே புரிஞ்சுது, அதுவும் வேற எந்த பேட்டரியும் சார்ஜ் இல்லாத ஊர்ல.

இங்க ஒரு பேர்க் குழப்பம் வந்துச்சு, அதைச் சொல்லாம இருக்க முடியாது. பேரை மாத்தி கோவிந்தராசுன்னு வச்சுக்குவோம். பழைய எக்செல்ல ஒரு கோவிந்தராசு, போன்ல இருந்து பையன் ஏத்துனதுல ஒரு கோவிந்தராசு, பாக்க அச்சு அசல் ஒண்ணு, கம்ப்யூட்டர் ரெண்டும் வேறங்குது. அரை மணி நேரம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். அந்த எக்செல் ஒரு காலத்துல பழைய ஃபாண்ட்ல அடிச்சு கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்தது, அதுல ‘கோ’ங்கறது க, இரட்டைக்கொம்பு, கால்னு மூணு துண்டா இருக்கு. போன் கீபோர்டு கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியீடா போடுது. எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு குடுக்கற யூனிகோடுல ரெண்டுமே சரிதான், ரெண்டும் ஒண்ணுதான்னு விதியும் இருக்கு, அந்த விதிப்படி ஒரே மாதிரி ஆக்கறதுக்குப் பேரு நார்மலைசேஷன். அதுக்கான மாட்யூலும், யூனிகோட்டேட்டான்னு, பைத்தானுக்குள்ளயே இருந்துச்சு. ஒரே வரி. ஒண்ணு மாதிரி தெரிஞ்ச பேரெல்லாம் நெசமாவே ஒண்ணாயிருச்சு.

அடுத்தது கௌசல்யா. இதை நம்ம ஆளுங்க பாதிப்பேரு ஒத்தைக்கொம்பு, க, அப்புறம் சாதா ‘ள’ போட்டு கெளசல்யான்னு அடிப்பாங்க. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா இது யூனிகோடு பார்வைல வேற எழுத்து, எந்த நார்மலைசேஷனும் இதைச் சேக்காது, சேக்கவும் கூடாது. அதுக்கு நானே ரெண்டு வரி கையால எழுதுனேன். மிச்சம் இருந்த எழுத்துப்பிழைக்கெல்லாம் டிஃப்லிப்னு ஒரு மாட்யூல், கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கற சொல்லைத் தேடித் தரும். அது ஸ்டாண்டர்ட் லைப்ரரில, அதாவது மொழியோட கூடவே வர்ற சாமான்ல, இருக்குங்கறதே பல பேருக்குத் தெரியாது.

இவ்ளோ உதவுன சாமானை ஏன் தூக்குனாங்கன்னு ஞாயித்துக்கெழம பூரா படிச்சேன். பைத்தானுக்கு பெப்-னு முன்மொழிவு ஆவணம் வரும், அதுல 594ன்னு ஒண்ணு, கிறிஸ்டியன் ஹைம்ஸும் பிரெட் கேனனும் எழுதுனது, தலைப்பே செத்த பேட்டரிங்களை எடுத்துப் போடறதுன்னுதான் இருக்கு. 2022ல வந்த 3.11ல எச்சரிக்கை குடுத்துட்டு, 2024 அக்டோபர்ல வந்த 3.13ல மொத்தம் 19 மாட்யூலைத் தூக்கிட்டாங்க. சிஜிஐ மட்டுமில்ல, டெல்நெட், பழைய சவுண்டு ஃபைல் ஃபார்மெட் படிக்கறது, நியூஸ்குரூப் படிக்கறதுன்னு இன்னைக்கு யாரும் தொடாத சாமான்தான் நெறைய. இதை எல்லாம் யாரும் கெட்ட எண்ணத்துல தூக்கல. பாத்துக்க ஆள் இல்ல, அவ்ளோதான் காரணம். பைத்தானைப் பாத்துக்கறதுல பெரும்பாலானவங்க வேற வேலை பாத்துக்கிட்டே இதையும் செய்யறவங்க. ஒரு மாட்யூல்ல பாதுகாப்பு ஓட்டை வந்தா யாராவது அடைச்சாகணும், எழுதுனவரு பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே கெளம்பிப் போயிருப்பாரு.

இது எங்க ஊர்க்காரனுக்கு வெளக்கிச் சொல்ல வேண்டிய சமாச்சாரமே இல்ல. கல்லணைல இருந்து காவேரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரியுது, அதுல இருந்து வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து கன்னின்னு வயல் வரைக்கும் வருது. அரசாங்கக் கணக்குல ஏ, பி, சி, டின்னு தரம் பிரிச்சு வச்சிருப்பாங்க. ஒவ்வொரு வருஷமும் ஜூன் 12 மேட்டூர் தொறக்கறதுக்கு முன்னாடி ‘சி, டி வாய்க்கால் இன்னும் தூர் வாரல’ன்னு நியூஸ் வரும், பாத்திருப்பீங்க. வெட்டறது ஒரு நாள் கூத்து, வாரறதுதான் வருஷா வருஷம். வாராத வாய்க்கால்ல வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக்கெடந்தா, தண்ணி வராதது மட்டும் பிரச்சினை இல்ல, மழை பெஞ்சா வடியாம பக்கத்து வயலையும் சேத்து முழுகடிக்கும். ஸ்டாண்டர்ட் லைப்ரரில கேப்பாரில்லாம கெடக்கற மாட்யூலும் இதே கதைதான், நான் அதைத் தொடவே இல்லன்னாலும் என் மெஷின்ல அது இருக்கு.

கோ லாங்குவேஜ்ல வெப் சர்வர், என்க்ரிப்ஷன் எல்லாம் உள்ளயே தரமா இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அங்க தூர் வாரறதுக்கு கூகுள்ல சம்பளத்துக்கு ஆள் இருக்கு. லாங்குவேஜ் டிசைன்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் டைப் சிஸ்டம், சின்டாக்ஸ்னுதான் பேசறாங்க, யாரு பாத்துக்கப்போறா, எத்தனை பேரு, எத்தனை வருஷத்துக்குன்னு கேக்கறதும் டிசைன்தானே.

இன்னொரு சிக்கல், உள்ள போனதை மாத்த முடியாது. ஜாவால தேதிக்கு 1996ல ஒரு கிளாஸ் போட்டாங்க, வருஷத்தை 1900ல இருந்து எண்ணும், மாசத்தை பூஜ்யத்துல இருந்து எண்ணும், ஜனவரின்னா 0. அது தப்புன்னு அடுத்த வருஷமே தெரிஞ்சுபோச்சு, 1.1 வெர்ஷன்லயே அதுல பாதிய ‘இதைப் பயன்படுத்தாதீங்க’ன்னு எழுதிட்டு கேலண்டர்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க, அதுலயும் ஜனவரி 0தான்! உருப்படியா ஒண்ணு வர 2014, ஜாவா 8 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிருச்சு. அதுவும் எப்படி வந்துச்சுன்னா, ஸ்டீஃபன் கோல்போர்னுன்னு ஒருத்தரு வெளிய ஜோடா டைம்னு ஒரு லைப்ரரி எழுதி, எல்லாரும் அதைப் பயன்படுத்தி அடிபட்டுத் தேறினதுக்கு அப்புறம், அதுல கத்துக்கிட்டதை வச்சு உள்ள கொண்டாந்தாங்க. இதுல இன்னொண்ணு, ஜாவா 1.0 முறையா வெளிய வர்றதுக்கு முன்னாடியே, 1995ல பிரெண்டன் ஐக் பத்து நாள்ல எழுதுன பிரவுசர் மொழியான ஜாவாஸ்கிரிப்டுல அந்த ஜாவா தேதியைத்தான் அப்படியே எடுத்துப் போட்டாங்க, அதனால இன்னைக்கு வரைக்கும் உலகத்துல இருக்கற அத்தனை பிரவுசர்லயும் ஜனவரி 0. தை ஒண்ணாந்தேதிக்கு பொங்கல் வாழ்த்து அனுப்பற ஆப் ஒண்ணு எழுதி ஒரு மாசம் பிந்தி அனுப்புனவன் நான், என்கிட்ட இதைப் பத்தி யாரும் நல்லதா பேச வேண்டாம்.

சி லாங்குவேஜ்ல கெட்ஸ்னு ஒரு ஃபங்ஷன், எவ்ளோ எடம் இருக்குன்னே பாக்காம வர்றதை எல்லாம் உள்ள தள்ளும். 1988ல மோரிஸ் வார்ம்னு ஒரு கம்ப்யூட்டர் கிருமி நெட்ல பரவறதுக்கு அதுவும் ஒரு வழியா இருந்துச்சு. அதை ஸ்டாண்டர்டுல இருந்து எடுத்தது எப்ப தெரியுமா, 2011. இருபத்து மூணு வருஷம். கோ-காரங்க 2012ல 1.0 விட்டப்பவே ‘எழுதுன கோட் ஒடையாது’ன்னு வாக்குக் குடுத்துட்டாங்க, அதைக் காப்பாத்தவும் செய்யறாங்க, அதுக்கு வெலை என்னன்னா ரேண்டம் நம்பர் பேக்கேஜை திருத்தணும்னு வந்தப்ப பழசைத் தொட முடியாம பக்கத்துலயே வி2ன்னு புதுசு கட்டுனாங்க, 2024ல. பழைய வீட்டை இடிக்காம பக்கத்துல புது வீடு கட்டற மாதிரி. திட்டல, என் சிஜிஐயை அவங்களா இருந்தா எடுத்திருக்க மாட்டாங்கல்ல.

இதையெல்லாம் படிச்சிட்டு திண்ணைல உக்காந்து பொலம்பிட்டு இருந்தப்ப அக்கா மகன் வந்தான், தஞ்சாவூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். “அதுக்கென்ன மாமா, பிப்ல லெகசி சிஜிஐன்னு ஒண்ணு இருக்கு, போட்டுக்குங்க”ங்கறான். இருக்குதான், தூக்குன மாட்யூலை யாரோ எடுத்து வெளிய வச்சிருக்காங்க. இவன் எல்லாத்துக்கும் இதான் சொல்லுவான். நாப்பது வரி சிஎஸ்வி படிக்க பாண்டாஸ்னு அவ்ளோ பெரிய லைப்ரரியை எறக்கறவன். இவன் தலைமுறைக்கு உள்ள இருக்கறது வெளிய இருக்கறதுன்னு வித்தியாசமே கெடையாது, எல்லாமே ஒரு கட்டளை தூரத்துல இருக்கு. “2016ல லெஃப்ட்பேட்னு ஒண்ணு நடந்துச்சு, தெரியுமாடா?”ன்னு கேட்டேன். தெரியாதுன்னான். சொன்னேன்: ஒரு சொல்லுக்கு முன்னாடி எடம் விட்டு நிரப்பறதுக்கு 11 வரியில ஒரு பேக்கேஜ், எழுதுனவரு கோவத்துல, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜெல்லாம் வச்சிருக்கற என்பிஎம்ல இருந்து எடுத்துட்டாரு, உலகம் பூரா பெரிய பெரிய கம்பெனி பில்டெல்லாம் படுத்துருச்சு. அடுத்த வருஷமே அந்த வேலைய ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளயே பேட்ஸ்டார்ட்னு சேத்துட்டாங்க. பையன் சிரிச்சான், “11 வரிய நீங்களே எழுதிருக்கலாம்ல மாமா”ன்னான். அதுவும் ஞாயம்தான்.

அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே வெத்தலை கிள்ளிக்கிட்டு இருந்தாரு. “என்னாடா அது ஸ்டாண்டர்டு லைப்ரரி”ன்னாரு. மொழியோட கூடவே வர்ற சாமான்ப்பா, எதை உள்ள வைக்கறது எதை வெளிய விடறதுன்னு சண்டைன்னேன். கொஞ்ச நேரம் மென்னுட்டுச் சொன்னாரு: “ஏரு அவன் அவன் ஏரு. மாடு அவன் அவன் மாடு. நெல்லு அளக்கற மரக்கா மட்டும் ஊருக்கு ஒண்ணா இருக்கணும். ஒன் தாத்தா காலத்துல குத்தகை வாங்கறதுக்கு ஒரு மரக்கா, கூலி அளக்கறதுக்கு ஒரு மரக்கான்னு வச்சிருந்தவனெல்லாம் உண்டு. பன்னெண்டு மரக்கா ஒரு கலம்னு கணக்கு சரியாத்தான் இருக்கும், மரக்காதான் வேற.”

நான் அப்படியே அசந்துட்டேன். பல வருஷமா தலைக்குள்ள சுத்திக்கிட்டு இருந்ததை மனுஷன் வெத்தலைக்கும் சுண்ணாம்புக்கும் நடுவுல சொல்லிட்டாரு.

யோசிச்சுப் பாருங்க. சி ப்ளஸ் ப்ளஸ்ல 1998ல ஸ்டாண்டர்ட் வர்றதுக்கு முன்னாடி பேரு, சொல்லு மாதிரி எழுத்தை வச்சுக்கறதுக்குப் பொதுவான ஸ்ட்ரிங் டைப்பே கெடையாது, ஆளாளுக்கு ஒரு ஸ்ட்ரிங் கட்டிக்கிட்டாங்க. க்யூட்டிங்கற லைப்ரரிக்கு ஒண்ணு, மைக்ரோசாஃப்டோட எம்எஃப்சி லைப்ரரிக்கு ஒண்ணு, அதெல்லாம் இன்னும் இருக்கு. ஒரு லைப்ரரில இருந்து பேரை வாங்கி இன்னொரு லைப்ரரிக்குக் குடுக்க நடுவுல ஒரு தடவ மாத்தி அளக்கணும். கோ-ல டேட்டாவைப் படிக்கறதுக்கு ரீடர்னு ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு பொது வடிவம் இருக்கு, ஒரே ஒரு மெத்தட், அதைப் போய் பெரிய விஷயம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஃபைல், நெட்வொர்க், ஜிப் எல்லாமே அந்த ஒரு மரக்கால்லதான் அளக்குது, ஒருத்தரை ஒருத்தர் பாத்தே இருக்காத ரெண்டு பேரு எழுதுன கோட் பொருந்திக்கிது. அந்த வெப் சர்வரை விட இந்த ஒத்தை மெத்தட்தான் கோ லைப்ரரியோட உசுருன்னு நான் சொல்லுவேன்.

ரஸ்ட்ங்கற மொழிக்காரங்க இதைப் புரிஞ்சவங்கதான், ஆனா பாதி வழில நின்னுட்டாங்க. அங்க ஸ்டாண்டர்ட் லைப்ரரி ரொம்பச் சின்னது, ரேண்டம் நம்பர், எழுத்து வடிவத்தை வச்சுத் தேடற ரெகெக்ஸ், டேட்டா பரிமாறற ஜேசான் எல்லாமே வெளிய, என்னைய மாதிரி புயல்ல மாட்டிக்கிட்டவன் கையில ரஸ்ட் மட்டும் இருந்திருந்தா அன்னைக்கு நோட்டுலதான் எழுதியிருப்பேன். 2019ல ஃபியூச்சர்ங்கற ட்ரெய்டை (பின்னால முடியப்போற வேலைக்கான பொது வடிவம்) உள்ள கொண்டாந்தாங்க, அதை ஓட்டற ரன்டைமை வெளிய விட்டாங்க. மரக்கால் உள்ள, ஏர் வெளிய, கணக்கு சரி. ஆனா ஏசிங்க்கா, அதாவது காத்துக்கிட்டு நிக்காம, படிக்கறது எழுதறதுக்கான ட்ரெய்டை உள்ள கொண்டுவரல, அதனால டோக்கியோங்கற ரன்டைமுக்கு ஒரு மரக்கால், ஃபியூச்சர்ஸ் பேக்கேஜுக்கு ஒரு மரக்கால், நடுவுல மாத்தி ஊத்தறதுக்குன்னே ஒரு அடாப்டர். சோம்பேறித்தனம்னு சொல்ல மாட்டேன், அவசரப்பட்டு உள்ள வச்சா ஜாவா தேதி மாதிரி ஆயிரும்ங்கற பயம். லேசிஸ்டேட்டிக், ஒன்ஸ்செல்னு வெளிய வருஷக்கணக்கா வளந்ததை 2024ல லேசிலாக்னு உள்ள எடுத்துக்கிட்டாங்கல்ல, அது நாத்தங்கால்ல விட்டு வளத்துப் பறிச்சு நடற மாதிரி... சரி, இதுக்கும் விவசாயத்தை இழுத்தா அடிக்க வருவீங்க, விட்டுடறேன்.

லுவாங்கற மொழி மாதிரி சின்னதா இருக்கறதையே தொழிலா வச்சிருக்கறதும் உண்டு. பிரேசில்ல பிறந்தது, கேமுக்குள்ள, ரவுட்டருக்குள்ளன்னு வேற சாஃப்ட்வேருக்குள்ள குடித்தனம் இருக்கறதுக்குன்னே எழுதுனது. அதுல முழு ரெகெக்ஸ் கெடையாது, ஏன்னா ரெகெக்ஸ் எழுதுனா அது மட்டுமே லுவாவோட மொத்த ஸ்டாண்டர்ட் லைப்ரரியை விடப் பெருசா போயிரும்னு அவங்களே சொல்லி, அதுக்குப் பதிலா ஐநூறு வரிக்குள்ள அடங்கற மாதிரி சின்னதா ஒரு பேட்டர்ன் வச்சிருக்காங்க. வாடகை வீட்டுக்கு யாரும் பத்து பீரோ தூக்கிட்டுப் போக மாட்டான்.

இப்ப எனக்கு நெஜமாவே எரிச்சல் வர்ற எடத்துக்கு வரேன். பைத்தான்ல ரெகெக்ஸ் இருக்கு, அதுல பேக்ஸ்லாஷ் டபிள்யூன்னா ‘சொல்லுல வர்ற எழுத்து’. ‘நெல்’லுங்கற சொல்லை அதுகிட்டக் குடுத்துப் பிரிக்கச் சொல்லுங்க. ந ஒரு சொல்லு, ல ஒரு சொல்லுன்னு ரெண்டா வெட்டிக் குடுக்கும். கொம்பும் புள்ளியும் அதுக்கு எழுத்தே இல்ல. நெல்லுல எத்தனை எழுத்துன்னு கேட்டா 4ங்குது, ஒண்ணாங்கிளாஸ் புள்ளை 2ன்னு சொல்லும். கோ-கிட்ட நீளம் (லென்) கேட்டா 12ங்குது, பைட்டை எண்ணுது. இதே பைத்தான்ல தமிழ் எண்ல ௧௨ன்னு எழுதிக் குடுத்தா 12ன்னு சரியா மாத்திக் குடுக்குது, பஸ்ல போற ஒருத்தரும் எழுதாத எண்ணுக்கு மரியாதை, எட்டுக்கோடிப் பேரு எழுதற கொம்புக்கு இல்ல. இதைச் சரியாச் செய்யற ரெகெக்ஸ் லைப்ரரி வெளிய பிப்ல இருக்கு, அது எனக்கும் தெரியும். ஆனா சொல்லு எதுங்கறதும் எழுத்து எதுங்கறதும் மரக்கால் இல்லன்னா வேற எதுதான் மரக்கால்? ஸ்விஃப்ட்ல ‘நெல்’ எத்தனைன்னு கேளுங்க, 2. எலிக்சர்லயும் 2. ரெண்டுமே 2014ல 1.0 வந்த மொழிங்க, ஆரம்பத்துல இருந்தே எழுத்துன்னா என்னன்னு யோசிச்சு உள்ள வச்சிருக்காங்க. நான் இவ்ளோ நேரம் திட்டுன ஜாவாஸ்கிரிப்ட் கூட இன்டில் செக்மெண்டர்னு ஒண்ணு வச்சுக்கிட்டு சரியா எண்ணுது. அதுமட்டுமா, ஒரு லட்சத்தை 1,00,000ன்னு நம்ம ஊர்க் கணக்குல கமா போட்டுக் காட்டும், பைத்தானோட ஃபார்மெட் கமா 100,000ன்னுதான் போடும், அதை எங்க ரைஸ் மில் முதலாளிகிட்ட காட்டுனா ‘சைபரு கொறையுதே தம்பி’ம்பாரு.

அதனால ‘ஸ்டாண்டர்ட்’னு சொல்றப்ப யாரோட வீட்டு மரக்கால்னு ஒரு தடவ திருப்பிப் பாக்கற பழக்கம் எனக்கு வந்துருச்சு. பைத்தானோட யூனிட்டெஸ்ட், லாகிங்னு ரெண்டு மாட்யூல்லயும் பேரெல்லாம் ஜாவா ஸ்டைல்ல இருக்கும், அது அங்கேருந்து வந்தவங்க கொண்டாந்த சீர்வரிசை. அந்த மாதிரி நம்ம ஆளுங்க யாராவது அந்த நேரத்துல உள்ள இருந்திருந்தா கொம்பையும் கொண்டாந்திருப்பாங்களோ என்னவோ.

டைம்சோன் விஷயத்துல பைத்தான்காரங்க பண்ணதை மட்டும் பாராட்டியே ஆகணும். 2020ல சோன்இன்ஃபோன்னு ஒரு மாட்யூல் உள்ள வந்துச்சு, ஆனா எந்த நாட்டுல எப்ப கடிகாரத்தை மாத்துவாங்கங்கற டேட்டா உள்ள இல்ல, அதை ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல இருந்து எடுத்துக்கும், இல்லன்னா தனி பேக்கேஜ். ஏன்னா கவர்மெண்டு நெனச்சா நேரத்தை மாத்தும், அதுக்காக வருஷத்துக்கு ஒரு தடவ அக்டோபர்ல வர்ற ரிலீஸுக்குக் காத்திருக்க முடியாது. மாறாதது உள்ள, மாறறது வெளிய. இந்தக் கோட்டைச் சரியாப் போட்ட எடம் எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி.

சரி, ஸ்கிரிப்டுக்கு வரேன். லெகசி சிஜிஐ போடல, வீம்புக்கு. அந்த சிஜிஐ மாட்யூல் செஞ்ச வேலைல எனக்குத் தேவைப்பட்டது பத்துல ஒண்ணுதான், ஃபாரம்ல வர்ற பேரையும் தெருவையும் பிரிக்கறது, அதை இன்னும் பைத்தானுக்குள்ள இருக்கற யுஆர்எல்லிப் மாட்யூலோட பார்ஸ்-க்யூஎஸ் செஞ்சிரும். மூணு வரி மாத்துனேன், ஓடிருச்சு. அந்த மூணு வரியை அன்னைக்கே எழுதியிருக்கலாம், ஆனா அந்த ஜெனரேட்டர் சத்தத்துல எது முதல்ல கைல கெடைச்சுதோ அதைத்தான் எடுத்தேன்.

லிஸ்ட் வந்துச்சு. அக்கா மகனும் அப்பாவும் எட்டிப் பாத்தாங்க. அப்பாவுக்கு ஒவ்வொரு பேரா படிச்சுக் காட்டுனேன், செத்துப்போனவங்க பேரு வந்தப்ப கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போனோம். கோவிந்தராசுக்கு வந்தப்ப பெருமையா சொன்னேன், இது ரெண்டா இருந்துச்சுப்பா, நான்தான் கண்டுபுடிச்சு ஒண்ணாக்குனேன், இனிஷியல் கூட ஒண்ணு, ரெண்டு தார்ப்பாய் போயிருக்க வேண்டியது, ஒண்ணோட நிறுத்திட்டேன்னு.

அப்பா வெத்தலையைத் துப்பிட்டு வந்து உக்காந்தாரு.

“அது ரெண்டு பேருடா. மேலத்தெரு கோவிந்தராசு ஒருத்தன், கீழத்தெரு கோவிந்தராசு ஒருத்தன். அப்பன் பேரும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கீழத்தெருக்காரன் அன்னைக்கே வந்து சத்தம் போட்டான், கம்ப்யூட்டர்ல வாங்கியாச்சுன்னு வருதாம்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கைப்புள்ளய வச்சுக்கிட்டு நனையறான். நம்ம மாட்டுக்கொட்டகை மேல கெடந்ததைப் பிரிச்சுக் குடுத்து அனுப்புனேன்.”